வாரம் 70 லிட்டர், எத்தனை தவணை? பீனிக்ஸ் பாலைவனத்தில் மாமரத்துக்குத் தண்ணீர்

அரிசோனாவில் சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் மார்ச் மாதம் சந்தித்துக்கொண்டால், வேலை, விசா பேச்செல்லாம் முடிந்து கடைசியில் மாங்கன்றில் வந்து நிற்கும். "கன்னு வாங்கி நட்டாச்சு. வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி விடணும்?" ஒருவர் "தினமும் விடுங்க, இது பாலைவனம்" என்பார். பக்கத்தில் இருப்பவர் "அய்யோ, வேர் அழுகிடும், வாரம் ஒரு தடவை போதும்" என்பார். இருவர் வீட்டிலும் மரம் காய்த்துக்கொண்டுதான் இருக்கும். புதிதாகக் கன்று வாங்கியவர் குழம்பிப்போய், இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்குப் போட்டு, ஆகஸ்டில் மரத்தைச் சாகக் கொடுப்பார்.

நானும் அப்படிக் கொடுத்தவன்தான். இரண்டு மாங்கன்றும் ஒரு பப்பாளியும் போன பிறகுதான், செடியைப் பற்றி விசாரித்த நான் மண்ணைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

முதலில் வெயில் கணக்கு. பீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 7, 8 அங்குலம்தான். மண்ணும் புல்லுமாக ஓராண்டில் ஆவியாக்கக்கூடிய தண்ணீரோ 6 அடி உயரத்துக்கு வரும். 2023இல் ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை, 31 நாள் விடாமல் பகல் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸ். இந்த ஊரில் ஜூன் உச்சத்தில் ஒரு நாளைக்கு 9, 10 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது. நாலடி அகலத்துக்குக் கிளை விரித்த ஒரு இளம் மாமரத்துக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர், வாரத்துக்கு 70 லிட்டர்.

இந்த 70 லிட்டர் எந்த மண்ணிலும் ஏறக்குறைய அதேதான். களிமண்ணில் நின்றாலும் சரளையில் நின்றாலும் மரம் குடிக்கிற அளவு பெரிதாக மாறாது. அதை எத்தனை தவணையில் கொடுக்கிறோம் என்பதுதான் மாறும். "தினமும்" என்றவரும் "வாரம் ஒரு தடவை" என்றவரும் தவணைக்காகத்தான் சண்டை போட்டார்கள்.

களிமண்ணும் சரளையும்

கில்பர்ட், சாண்ட்லர், மேசா எல்லாம் ஒரு காலத்தில் பருத்தியும் குதிரைமசால் தீவனமும் விளைந்த வயல்கள். ஆற்று வண்டல் படிந்த களி கலந்த மண். வடக்கே ஸ்காட்ஸ்டேல் மலையடிவாரம், கேவ் கிரீக் பக்கம் போனால் கருங்கல் சிதைந்து உதிர்ந்த சரளை. ஒரே ஊர் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். மண் மட்டும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் உள்ள தூரம்.

ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால், காய்ந்த மணலில் அது ஒரு அடி ஆழம் வரை நனைக்கும். காய்ந்த களியில் நாலு, ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். அதே சமயம் களி பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் பரவும் முதல் இரண்டடி மண்ணை எடுத்துக்கொள்வோம். களிமண்ணில் அதில் சுமார் 4 அங்குலத் தண்ணீர் மரத்துக்குக் கிடைக்கிற மாதிரி தங்கும்; பாதி தீர்ந்ததும் விடுவது என்று வைத்தால் 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், ஐந்து நாள் சாப்பாடு. சரளை மண்ணில் அந்தப் பாதி அரை அங்குலமோ ஒரு அங்குலமோதான். இரண்டு நாள் ஓடினால் அதிகம்.

இப்போது சரளை வீட்டுக்காரரின் யோசனையைக் களிமண் வீட்டுக்காரர் கேட்டால் என்ன ஆகும்? இரண்டு நாளுக்கு ஒருமுறை நனைத்த களியில் காற்றே போகாது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது, மேலே இலை வாடும். வாடின இலையைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் விடுவோம். தாகத்தில் வாடிய மரமும் மூழ்கி வாடிய மரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் இதில் பெரிய தொல்லை.

அதற்கு ஒரு வழி உண்டு. ஜூலை மாலை நாலு மணிக்கு எந்த மாமரமும் கொஞ்சம் துவண்டுதான் இருக்கும். வேரில் ஈரம் இருந்தாலும் அந்த வெயிலுக்கு இலை ஈடு கொடுக்காது. அதைப் பார்த்து ஹோஸைத் தூக்காதீர்கள். (வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். அதைக் கன்றின் தலையில் ஊற்றி அவித்தவர்கள் உண்டு.) காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதும் துவண்டிருந்தால்தான் விஷயம் இருக்கிறது. அப்புறம் மூன்றடி நீள இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருக்கும் மட்டும் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். இரண்டடி இறங்கியும் மரம் வாடியிருந்தால் தண்ணீர் கூடிப்போச்சு என்று அர்த்தம். என் வீட்டில் டைமரைவிட அந்தக் கம்பிதான் அதிகம் வேலை செய்கிறது.

நான் கட்டிய தொட்டி

முதல் மாங்கன்று செத்த கதை இது. நாற்றுப் பண்ணையில் ஒருவர், "உங்கள் மண் மோசம், மூன்றடிக்குக் குழி வெட்டி, அந்த மண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு இந்தக் கலவையை நிரப்புங்கள்" என்று எட்டு மூட்டை தலையில் கட்டினார். கலவை என்றால் கம்போஸ்ட், மரத்தூள், கொஞ்சம் மணல். பொலபொலவென்று கறுப்பாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. நட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் தளிர் தளிராக விட்டது. செப்டம்பரில் நுனி கருகி, அக்டோபரில் குச்சியாகி நின்றது.

அப்போது மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வெள்ளாமை பார்த்தவர். இருவருமாகக் குச்சியைப் பிடுங்கினோம். குழிக்குள்ளே மேலே ஒரு சாண் காய்ந்த தூள். அதற்குக் கீழே கூழ். சாக்கடை வாடை. வேரெல்லாம் பழுப்பாக, கையில் உருவினால் தோல் கழன்று வந்தது. குழியின் சுவரோ மண்வெட்டி தேய்த்த மெருகோடு களிமண் சட்டி மாதிரி பளபளத்தது.

"என்ன மாப்பிள்ளை, மரம் நட்டீங்களா, தொட்டி கட்டுனீங்களா? கரிசல்ல குழி வெட்டி வேற மண்ணைக் கொட்டினா அது கெணறுதான். சுத்துப்பட்ட தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான வந்து நிக்கும்?"

அரிசோனா பல்கலைக்கழக விரிவாக்கத் துறையும் இதையேதான் சொல்கிறது என்பது பிறகு தெரிந்தது: குழியை வேர்க்கட்டியின் ஆழத்துக்கு மேல் தோண்டாதே, மூன்று முதல் ஐந்து மடங்கு அகலமாகத் தோண்டு, எடுத்த மண்ணையே திரும்பப் போடு. எட்டு மூட்டைக் காசு போனது போகட்டும்.

ஆக, மண்ணை மாற்றுவதா, இருக்கிற மண்ணுக்குத் தகுந்தபடி நடுவதா என்ற முதல் முடிவில் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். கம்போஸ்ட் வேண்டும் என்றால் மேலே பரப்புங்கள், அதற்கு மேல் மரச்சில்லு மூடாக்கு நாலு அங்குலம். மரம் வெட்டுகிற ஆட்களிடம் கேட்டால் சில்லைச் சும்மாவே கொட்டிவிட்டுப் போவார்கள். களிமண்ணில் கன்றைத் தரைமட்டத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் மேடாக நட்டால் கழுத்தில் ஈரம் நிற்காது. பப்பாளிக்கு அதுவும் போதாது. ஒன்றரை அடி மேடு கட்டி நடுவதாக இருந்தால் நடுங்கள், இல்லாவிட்டால் களிமண்ணில் பப்பாளி ஆசையை விட்டுவிடுங்கள். வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அது பிழைக்காது.

ஒரு எச்சரிக்கை. இங்கே கிடைக்கும் ஒட்டு மாங்கன்றுகளில் பல புளோரிடாவிலிருந்து வருபவை. வேர்க்கட்டி முழுக்கத் தொட்டிக் கலவை. அதைக் களியில் நட்டால் சுற்றிலும் ஈரம் இருக்க, நடுக்கட்டி மட்டும் காய்ந்து கிடக்கும். கம்பியைச் சுற்று மண்ணில் குத்தினால் நன்றாக இறங்கும், கன்றோ வாடும். வேர் வெளியே ஓடும் வரை, முதல் சில வாரம், அடித்தண்டை ஒட்டி ஒரு சொம்புத் தண்ணீர் தனியாக ஊற்றத்தான் வேண்டும்.

எதில் விடுவது: பாய்ச்சலா, சொட்டா, வட்டப்பாத்தியா?

பீனிக்ஸில் வயல்போலத் தண்ணீர் பாயும் வீட்டுத் தோட்டங்கள் இருக்கின்றன என்றால் ஊரில் நம்பமாட்டார்கள். ஹோஹோகம் என்ற பழங்குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சால்ட் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்த இடம் இது. இன்றைய கால்வாய்கள் சில அவர்கள் போட்ட தடத்திலேயே ஓடுகின்றன. 1911இல் ரூஸ்வெல்ட் அணை கட்டி முடித்த பிறகு சால்ட் ரிவர் புராஜெக்ட் என்ற அமைப்பு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டது. வயல் வீடான பிறகும் பழைய குடியிருப்புகள் பலவற்றுக்கு அந்தப் பாத்தியதை தொடர்கிறது. மடை திறக்கும் ஆளுக்கு இங்கே 'ஸான்ஹேரோ' என்று பெயர், நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டி போல.

மேசாவில் ஒரு நண்பருக்கு இந்த வசதி உண்டு. முறை ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்தால் ஒன்றரைக்கு எழுந்துதான் ஆகவேண்டும். ஒரு நாள் கூடப் போனேன். ரப்பர் பூட்ஸ், டார்ச், கையில் மண்வெட்டி. வால்வைத் திருகியதும் குழாய் வாயிலிருந்து குமிழியிட்டுப் பொங்கி, இருபது நிமிடத்தில் கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். நான் மூட்டை மூட்டையாகக் கொடுத்திருந்த மரச்சில்லு எல்லாம் மிதந்து போய் மதிலோரம் ஒதுங்கியது. நண்பருக்குச் சிரிப்பு, எனக்கு வயிற்றெரிச்சல்.

வளர்ந்த மரத்துக்கு இதைவிட நல்ல பாசனம் இந்த ஊரில் இல்லை என்பேன். ஆழமாக நனையும், உப்பைக் கீழே தள்ளும், குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் கோடையில் முறை வருவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நாம் மேலே போட்ட கணக்குப்படி களிமண்ணே ஐந்து நாள்தான் தாங்குகிறது. மூன்றடி, நாலடிக்கு வேர் ஓடிய மரம் சமாளிக்கும். முதல் இரண்டு கோடைக் கன்று சமாளிக்காது, இடையில் கையால் விட்டாக வேண்டும். அதோடு இந்த வீடுகள் அமைந்திருப்பதே ஆற்று வண்டலில் என்பதால்தான் இது நடக்கிறது. சரளையில் பாய்ச்சினால் பாதித் தண்ணீர் வேரைத் தாண்டி எங்கோ போயிருக்கும். வீடு வாங்கும்போதே இந்தத் தண்ணீர்ப் பாத்தியதை உண்டா என்று கேளுங்கள். புதுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் இருக்காது.

சொட்டுநீர்தான் இங்கே பெரும்பாலான வீட்டில் ஏற்கெனவே பதித்திருப்பது. சொட்டுநீரில் குறையில்லை, அதை வைக்கிற விதத்தில்தான். வழக்கமாக ஒரு மரத்துக்கு மணிக்கு இரண்டு கேலன் விடும் சொட்டான் இரண்டு, தினமும் அரை மணி. கூட்டினால் இரண்டு கேலன், ஏழரை லிட்டர். ஜூனில் தேவை பத்து. அளவும் போதாது, தினமும் மேலாக மேலாக நனைத்துக் கொடுத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். சரளை மண்ணில் இதைச் சீர் செய்வது எளிது: கிளை நிழலின் விளிம்பை ஒட்டி வட்டமாக ஆறு சொட்டான், இரண்டு நாளுக்கு ஒருமுறை 40 நிமிடம். 30 லிட்டர் இறங்கும். இருபது லிட்டர் மரத்துக்கு, பத்து லிட்டர் உப்பைத் தள்ள. ஸ்காட்ஸ்டேல் நண்பர் வீட்டில் இப்படி மாற்றிய பிறகு அதே மரம், அதே மண், நிறமே வேறாகிவிட்டது.

களிமண்ணுக்கு என் தேர்வு வட்டப்பாத்தியும் பப்ளரும் (சொட்டாக இல்லாமல் தண்ணீரைக் குமிழியிட்டுக் கொட்டும் குழாய்முனை). நாலடி அகலத்துக்கு வரப்பு கட்டி, தண்டை ஒட்டி ஒரு சின்ன மேடு விட்டு, பப்ளரைத் திறந்து இரண்டு அங்குலம் நிற்கும் வரை நிரப்பி மூடிவிட வேண்டியது. நாலடிப் பாத்தியில் ஒரு அங்குலம் என்றால் 30 லிட்டர். இரண்டு அங்குலம் 60. களி உறிஞ்சுவது மெதுவாகத்தான், பரவாயில்லை, பாத்தியில் நின்று தானாக இறங்கும், ஓடிப்போகாது. கோடையில் ஐந்து நாளுக்கு ஒருமுறை, மரம் பெருத்தால் பாத்தியையும் ஆண்டுக்கு ஆண்டு பெருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு நாலு வருட மரத்துக்கு முதல் வருடப் பாத்தியிலேயே விட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கையில் ஹோஸ் பிடித்து மாலையில் நின்றபடி நனைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனசுக்கு நல்லது. மரத்துக்கு முதல் இரண்டு அங்குலம் மட்டும் நனையும்.

சுக்கான்

இரண்டடியில் கடப்பாரை 'டங்' என்று நின்றால் அது கலீச்சி. மண்ணிலிருக்கும் சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிப்போன அடுக்கு. மாமனார் ஒரு கட்டியைக் கையிலெடுத்து, "இது நம்மூர் சுக்கான்ல" என்றார். சரிதான், எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும். அதன் மேல் எந்தப் பாசன முறையும் உதவாது, தண்ணீர் போக வழியில்லையே. குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். நாலு மணி நேரத்தில் நாலு அங்குலமாவது இறங்கினால் நடலாம். இறங்காவிட்டால் கடப்பாரையோ வாடகை டிரில்லோ கொண்டு அடுக்கைத் துளைத்து அடி மண் வரை ஒரு புகைபோக்கி மாதிரி வழி விட வேண்டும். பாறை ஒரு அடிக்கு மேல் கனமாக இருந்தால் நான் மல்லுக்கட்ட மாட்டேன். இரண்டடி மேடு கட்டி நடுவேன், அல்லது அந்த இடத்தை முருங்கைக்கு விட்டுவிடுவேன். அவகாடோ வேண்டவே வேண்டாம். வடிகாலுக்கும் உப்புக்கும் இரண்டுக்கும் அது தொட்டாற்சிணுங்கி. கொய்யா பெருந்தன்மையானது, எந்த மண்ணிலும் நாம் செய்கிற தப்பைப் பொறுத்துக்கொள்ளும். வாழைக்குக் களிமண்தான் லாபம், தண்ணீர் நிறையக் குடிக்கும்.

சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8க்கு மேல் இருப்பதால் வேருக்கு எட்டாது. இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு மருந்து மட்டும்தான் இந்த மண்ணில் வேலை செய்கிறது. ஆனால் மருந்து வாங்கும் முன் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரம் கூடிப்போன களியிலும் இதே மஞ்சள்தான் வரும்.

தண்ணீரில் வருகிற உப்பு

நகரக் குழாயில் வருவதில் கொலராடோ ஆற்றுத் தண்ணீரும் கலந்திருக்கிறது. ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து வருகிற தண்ணீர். லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் உப்பு கரைந்திருக்கும். நாளுக்குப் பத்து லிட்டர் என்றால் 5 கிராம், மாதத்துக்கு 150 கிராம். ஒரு கன்றின் காலடியில் மாதாமாதம் ஒரு டம்ளர் உப்பைக் கொட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. ஜூலையில் மா இலை நுனியில் வரும் பழுப்புக் கருகலுக்கு வெயிலைத் திட்டுகிறோம், பாதிக் குற்றம் இதன் மேல்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டு விட்டால் உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். மழைக்காலத்தில் முதல் தூறல் விழும்போது அந்த விளிம்பு உப்பு கரைந்து வேருக்கே திரும்பி வரும். அதனால் சின்ன மழை பெய்கிறது என்று சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், தூறும்போது பாசனம் ஓட வேண்டும். களிமண்ணில் பாத்திக்காரர்கள் கோடையில் மாதம் ஒருமுறை வழக்கத்தைவிட இரட்டிப்பாக நிரப்பி உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிட வேண்டும், அடுத்த முறையை இரண்டு நாள் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். இஸ்ரேலில் சுண்ணாம்பு மண்ணுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தாங்குகிற 13-1 என்ற மா வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள். அது கையில் இல்லாத நமக்கு இந்தக் கழுவல்தான் வழி.

இன்னொன்று, வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அதன் வழியாக வருவதைச் செடிக்கு விடாதீர்கள். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிறது, களிமண்ணை இன்னும் இறுக்கும். வெளிக்குழாய் அந்தக் கருவிக்கு முன்பிருந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வீட்டில் மூன்று மாமரமும் வட்டப்பாத்தியில், பப்பாளி மேட்டில், வாழை துணி துவைக்கிற தண்ணீர் போகிற மூலையில். சொட்டுநீர் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும். நவம்பர் வந்ததும் டைமரை அணைத்துவிடுவேன். குளிர்ந்த களியில் நிற்கிற தண்ணீரும் மாமரத்தைக் கொல்லும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கம்பி சொன்னால்தான். டிசம்பரில் உறைபனி எச்சரிக்கை வருகிற ராத்திரி மட்டும் விதிவிலக்கு. ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அன்றைக்கு மத்தியானமே, கம்பியைத் தொடாமல், பாத்தியை நிரப்பிவிடுவேன்.